முப்பத்தொரு தலையாட்டல்கள்

தொகுப்பாளருக்குத் தினமும் காலை பத்து மணிக்குத் தலையாட்டும் வேலை. பத்திலிருந்து பதினொன்றரை வரை, எதிரே காலியாகக் கிடக்கும் மெத்தை நாற்காலியைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அதில் வந்து உட்காரப் போகிற விருந்தினர் அந்த நேரம் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். மதியம் மூன்று மணிக்கு வந்து என்ன பேசப் போகிறோம் என்று அவருக்கே இன்னும் தெரியாது. அதற்கெல்லாம் இங்கே காலையிலேயே தலையாட்டி முடித்தாகிவிடும்.

இந்த வழக்கத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ‘கேட்கிறேன், சொல்லுங்கள்’ நிகழ்ச்சி ஆரம்பித்தபோது டிவி நிலையத்தில் ஒரே ஒரு கேமராதான். அதை விருந்தினர் பக்கம் வைத்து அவர் பேசுவதை எடுப்பார்கள். அவர் கிளம்பிப் போன பிறகு, கேமராவைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்து, காலி நாற்காலியைப் பார்த்துத் தொகுப்பாளரைத் தலையாட்டச் சொல்லி, இரண்டையும் வெட்டி ஒட்டுவார்கள். இப்போது ஒன்பது கேமராக்கள் இருக்கின்றன. ஒன்றைப் பேச்சு நடக்கும்போதே தொகுப்பாளர் பக்கம் வைத்துவிடலாமே என்று ஒருவர் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். அவர் இப்போது வானிலைப் பிரிவில் இருக்கிறார்.

தலையாட்டல்களுக்கு எண் உண்டு. ஒன்று, ‘வாங்க’. நாலு, ‘அப்படியா!’. ஒன்பது, ‘அடப் பாவமே’. பதினாலு, ‘உங்கள் வலி எனக்குப் புரிகிறது’. இருபத்திரண்டு, ‘புரிகிறது, ஆனால் விளம்பரம் வந்துவிட்டது’. இப்படி மொத்தம் முப்பத்தொன்று. பதினாலாம் எண்ணைத் தலைவலித் தைலக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருந்ததால், அதைச் செய்யும்போது திரையின் ஓரத்தில் ஒரு குப்பி மின்னி மறையும்.

முப்பத்தொன்றும் ஒப்பந்தப்படி நிலையத்தின் சொத்து. தொகுப்பாளர் அவற்றை வெளியில் செலவழிக்கக் கூடாது. பழக்கடைக்காரர் ‘ரெண்டு கிலோ போடட்டுமா சார்?’ என்று கேட்டால் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ‘போடுங்க’ என்று வாயால்தான் சொல்வார். டிவியில் அவ்வளவு தன்மையான மனுஷன் நேரில் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று கடைத்தெருவில் அங்கலாய்ப்பார்கள். ஆனாலும் அவர்மேல் ஜனங்களுக்குக் கொள்ளைப் பிரியம். அண்ணன் மாதிரிப் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்க இந்த உலகத்தில் ஆளில்லை என்பார்கள். ‘சிறந்த செவி’ விருது ஏழு தடவை வாங்கியிருக்கிறார். ஏழு பித்தளைக் காதுகள் வீட்டு அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. எல்லாமே இடது காது.

உண்மையைச் சொன்னால், எதிரே உட்கார்ந்தவர் என்ன பேசினார் என்று அவர் கேட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. வேண்டுமென்று செய்ததில்லை. மதியப் பதிவின்போது அவர் காதுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் அதன் வழியாக மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். விருந்தினர் பேச்சை நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக மதியமும் தலையாட்ட வேண்டும். எப்போது, எந்த எண் என்று தயாரிப்பாளர்தான் சொல்வார். நிலையத்தில் அவருக்குக் ‘காது’ என்றே பெயர்.

நிகழ்ச்சி தொடங்கிய மூன்றாம் வருஷம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். அவர் பேசிய விதத்தில் சொக்கிப்போய், தொகுப்பாளர் கருவியைப் பிடுங்கி மடியில் போட்டுவிட்டுப் பதினோரு நிமிஷம் நிஜமாகவே கேட்டுவிட்டார். அப்போதுதான் புதிதாக வந்திருந்த இரண்டாவது கேமரா அதைப் படம் பிடித்துவிட, அது தவறுதலாக ஒளிபரப்பும் ஆகிவிட்டது. நிஜமாகக் கேட்கிற மனுஷன் முகம் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருப்பதில்லை. வாய் லேசாகத் திறந்துகொள்கிறது, கண் ஒரே இடத்தில் நிலைக்குத்திவிடுகிறது. அண்ணனுக்குப் பக்கவாதமா, பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லையா என்று ஆயிரத்து எண்ணூறு நேயர்கள் பதறியடித்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தார்கள். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: ‘பதிவின்போது உண்மையாகக் கேட்பது முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும்.’ அதிலிருந்து அந்தக் கருவியைத் தோல் நிறப் பசைநாடாவால் காதோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். யாராவது கருவியைக் கழற்றினால் அன்றைய பதிவு செல்லாது, முதலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்றும் விதி செய்தார்கள். தொகுப்பாளர் சண்டை போடவில்லை. சண்டைக்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை ஒப்பனை அறையில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள். அக்கா அவரைவிட ஒன்பது வயது பெரியவள். அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அவள்தான். ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊரில், பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் எந்த வண்டி எந்த மேடையில் என்று முப்பத்துமூன்று வருஷம் சொல்லி ஓய்வு பெற்றவள். அவள் பேச்சை ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பேர் உற்றுக் கேட்டார்கள். கேட்காதவனுக்குப் பஸ் போய்விடும்.

“வெள்ளிக்கிழமை ஆபரேஷன்டா. கட்டி பரவிடுச்சாம். குரல்வளையையே எடுத்துடுவாங்களாம்” என்றாள். குரல் பழைய தகரத்தில் ஆணி இழுப்பது மாதிரி இருந்தது.

“என்னக்கா சொல்றே?”

“தெளிவாத்தானே சொன்னேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து எதிர்ல உக்காரு. உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

“இப்பவே சொல்லேன்.”

“ஃபோன்ல சொல்ற விஷயமில்லை. இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலை. உன் மூஞ்சியைப் பாத்து சொல்லணும், நீ சரின்னு சொல்றதைப் பாக்கணும். ஒரு நாளைக்கு அரை மணிதான் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுல ரெண்டு நிமிஷத்தை நீயே தின்னுட்டே. வை.”

தொகுப்பாளர் ஒரு நாள் விடுப்பு கேட்டுப் பணியாளர் நல அதிகாரி அம்மாவிடம் போனார். பத்தொன்பது வருஷத்தில் முதல் விடுப்பு. அந்த அம்மா படிவத்தை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

“காரணம்னு போட்ட இடத்துல ‘அக்கா பேசுவதைக் கேட்க’ன்னு எழுதியிருக்கீங்க சார்.”

“ஆமாங்க.”

“அப்படி ஒரு காரணம் பட்டியல்ல இல்லை சார். மரணம் இருக்கு, பிரசவம் இருக்கு, வெள்ளம் இருக்கு, விருது வாங்கப் போறது இருக்கு. இதுல எது?”

“அக்காவுக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் அவங்களால பேசவே முடியாது.”

“ஆபரேஷன் உங்களுக்கு இல்லையே சார். அக்கா தவறிட்டாங்கன்னா மூணு நாள் தானாக் கிடைக்கும். நீங்க கேக்கவே வேண்டாம், நாங்களே மாலையும் அனுப்புவோம்.” அந்த அம்மாவுக்கு அவர்மேல் நிஜமாகவே இரக்கம்தான். “உயிரோட இருக்கறவங்களுக்கு எங்க கையில எதுவும் இல்லை சார்.”

விஷயம் விடுப்புக் குழுவுக்குப் போனது. ஏழு பேர், நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பி. நிகழ்ச்சித் தலைவர் நடுவில் இருந்தார். காப்பகக்காரர் ஒரு மூலையில் இருந்தபடி, நிலையத்தின் பெட்டகத்தில் தொகுப்பாளரின் தலையாட்டல்கள் நாலு லட்சத்துப் பதினோராயிரம் சேமிப்பில் இருப்பதாகவும், அவர் ஏழு வருஷம் வராவிட்டாலும் நிகழ்ச்சி தடங்கலில்லாமல் நடக்கும் என்றும் பெருமையாகச் சொன்னார். தொகுப்பாளருக்கு உயிர் வந்தது.

“அப்ப ஒரு நாள் நான் போயிட்டு வரலாமா?”

நிகழ்ச்சித் தலைவர் குப்பியின் மூடியைத் திருகி மூடிவிட்டு ஆரம்பித்தார்.

“தம்பி, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நீங்க இல்லாம ஒரு நாள் நடந்துட்டா, அப்புறம் நீங்க எதுக்குன்னு மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது? எனக்கே அது தெரியாதே. அதனால உங்க நல்லதுக்குத்தான் விடுப்பு இல்லைங்கறோம். இன்னொண்ணு. அடுத்தவங்க பேச்சைக் கேக்கறது நம்ம தொழில். ஆளாளுக்கு உக்காந்து கேக்க ஆரம்பிச்சா தொழில் நடக்குமா? மக்கள் தங்களுக்கு ஒரு ஆள் வேணும்னு ஏங்கறாங்க. அந்த ஏக்கம் தீந்துடாம பாத்துக்கறோம். பத்தொன்பது வருஷமா அதைத்தானே கண்ணும் கருத்துமா பண்ணிட்டிருக்கோம்?”

மேசையைச் சுற்றி ஆறு தலைகள் ஆடின. எல்லாம் தொகுப்பாளரிடமிருந்து கற்றுக்கொண்ட பதினாலுதான். அதுவும் தாடையை இறக்கத் தெரியாமல் அரைகுறையாகச் செய்தார்கள்.

“ஆனா நாங்களும் மனுஷங்கதான்” என்றார் தலைவர். “அக்காவை இங்க கூட்டிட்டு வந்துடுங்க. புதன்கிழமை சிறப்பு நிகழ்ச்சி. குரல் போகப் போற ஒரு அக்கா, கேக்கறதையே தொழிலா வச்சிருக்கற தம்பி. கார் நாங்க அனுப்பறோம். சனிக்கிழமை சாயந்திரம் போட்டா ஊரே அழும்.”

தொகுப்பாளருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம், வெள்ளிக்கிழமைக்குள் அக்காவின் எதிரே போய் உட்கார வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. எங்கே உட்கார்ந்தால் என்ன, அவள் பேசுவாள், நான் கேட்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அக்காவிடம் சொன்னபோது அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ கூப்பிட்டா வராம என்னடா? ஒலிபெருக்கி எனக்கென்ன புதுசா?” என்றாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அக்கா அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்தில் ஒரு சால்வை சுற்றியிருந்தாள். அன்றைக்கு மட்டும் ஒன்பது கேமராக்களில் எட்டு தொகுப்பாளர் பக்கம் திரும்பியிருந்தன. கூலிக்குக் கைதட்டும் அறுபது பேர் இருட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தாள்.

“அம்மா போனப்ப உனக்கு ஆறு வயசு. அப்ப நான் ஒரு காரியம் பண்ணேன்…”

“கேமரா மூணு, நெருங்கு” என்றது காது. “நாலு குடுங்க சார். இன்னும் கொஞ்சம். அருமை. சால்வைல சுருக்கம் தெரியுது, யாராவது பாருங்கப்பா. ஒன்பது. ஒன்பது சார், ஒன்பது!”

தொகுப்பாளர் ஒன்பதைக் கொடுத்துக்கொண்டே பல்லைக் கடித்து அக்காவின் உதட்டைப் பார்த்தார். நடுநடுவே ஏதோ வந்தது. ‘அந்தக் கடிதத்தை’ என்றாள். ‘அவரு இன்னமும் அங்கதான்’ என்றாள். அதற்குள் தாடையை இறக்கு, தோளைத் தளர்த்து, தைலக்காரங்க பாத்துட்டிருக்காங்க பதினாலைக் குடு என்று காது அடைமழையாகக் கொட்டியது. பிடுங்கி எறியக் கை துறுதுறுத்தது. பிடுங்கினால் பதிவு செல்லாது. அக்கா முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவளிடம் இருப்பது இன்றைக்கு இந்த அரை மணிதான். தலைதான் இருக்கிறது, அது பாட்டுக்கு ஆடட்டும், எல்லாம் பதிவாகிறது, நாளைக்குத் தனியாக உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். பத்தொன்பது வருஷம் அந்தக் கட்டடத்தில் இருந்தவருக்குத்தான் அப்படித் தோன்றும்.

அக்கா முன்னால் சாய்ந்து, ஏதோ ஒன்றைக் கேட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிறுத்தினாள்.

“முப்பத்தொண்ணு!” என்றது காது. முப்பத்தொன்று என்பது ‘அப்படியே ஆகட்டும், கவலை வேண்டாம்’. தொகுப்பாளர் நிதானமாக, அழகாக, ஆழமாகத் தலையாட்டினார். அக்காவின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்ததும் காதுக்குக் குஷி பிறந்துவிட்டது. “இப்ப கண்ணீர் சார். மூணு, ரெண்டு, ஒண்ணு!” கண்ணீர் அவருக்குச் சொன்னால் வரும். வந்தது. அக்கா எழுந்து வந்து அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். அறுபது பேரும் கைதட்டினார்கள்.

வெளியே கார் தயாராக நின்றது. அன்றைக்கே அவள் திரும்பிப்போய் மருத்துவமனையில் சேர வேண்டும், சேர்ந்த பிறகு வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. தொகுப்பாளர் வாசலுக்கு ஓடப் பார்த்தார். கண்ணீர் இடது கன்னத்தில் மட்டும்தான் இறங்கியிருக்கிறது, வலது கன்னத்துக்கு ஒரு முறை எடுத்துவிடலாம் என்று தடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். வலது கண் அவ்வளவு லேசில் மசியவில்லை. அது மசிவதற்குள் கார் போய்விட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் காப்பகத்துக்குப் போனார். காப்பகக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, முழுப் பதிவையும் ஓட விட்டார். அரை மணி நேரமும் தொகுப்பாளர் முகம்தான். எட்டுக் கோணத்தில் தலையாட்டினார். ஒலி இல்லை.

“அக்கா பேசினது எங்க?”

“விருந்தினர் பேச்சு அழுகும் பொருள் வகை சார். தேவையான நாப்பது விநாடியை வெட்டி எடுத்துட்டு அன்னிக்கே அழிச்சிடுவோம். உங்க தலையாட்டல்தான் நிரந்தர வகை. இதெல்லாம் எங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இருக்கும்.”

அந்த நாற்பது விநாடியில் அக்கா, ‘அம்மா போனப்ப உனக்கு ஆறு வயசு’ என்று சொன்னாள். பிறகு வயலின் வந்தது.

தொகுப்பாளர் ஒலிப்பதிவாளரிடம் ஓடினார். “நேத்து அக்கா பேசினதை நீங்க முழுசும் கேட்டிருப்பீங்களே?” என்றார். “ரொம்ப நல்லா வந்தது சார். அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை” என்றார் அவர். “என்ன பேசினாங்கன்னு கேட்டா… நான் ஒலி அளவு காட்டற முள்ளைப் பாத்துட்டிருந்தேன் சார்.” காதைப் போய்க் கேட்டார். “நான் எங்க சார் கேக்கறது? நான்தான் பேசிட்டே இருந்தேனே” என்றது காது. கைதட்டும் அறுபது பேரில் நாற்பத்திரண்டு பேரை அன்று ராத்திரிக்குள் தேடிப் பிடித்துக் கேட்டுப் பார்த்தார். கைதட்டுவதற்கான பச்சை விளக்கு எப்போது எரியும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததாக எல்லோரும் நேர்மையாகச் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும், “உங்க அக்கா ஏதோ பெரிய விஷயம் சொன்னாங்க சார், உங்க மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்” என்றாள்.

முந்நூறு பேர் வேலை செய்கிற கட்டடம். முந்நூறு பேரும் அன்றைக்குத் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை தொகுப்பாளர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது. எழுந்திருக்கவே மனமில்லை. பத்து மணிக்குத் தலையாட்டக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார்.

ஆபரேஷன் அன்றைக்கே முடிந்தது. சனிக்கிழமை நிகழ்ச்சி வந்தது. தலைவர் சொன்னபடி ஊரே அழுதது. நிலையம் அவருக்கு எட்டாவது காதை அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை பதிவு கிடையாது. முதல் ரயிலைப் பிடித்து அவர் மதியம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். வார்டு வாசலில் நின்ற நர்ஸ் அவரைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நேத்து நாங்க எல்லாரும் சேந்து பாத்தோம் சார். உங்கள மாதிரி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.”

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு. மடியில் கோடு போட்ட நோட்டு, கையில் பேனா. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எழுதி நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

‘சாப்பிட்டியா?’

“சாப்பிட்டேன்க்கா. வலிக்குதா?”

‘பரவாயில்லை. நீ சரின்னு தலையாட்டினப்பவே எனக்குப் பாதி பாரம் இறங்கிடுச்சு. எப்பப் போய்ப் பாக்கப் போறே?’

யாரை, எங்கே, எதற்கு? தொகுப்பாளரின் கழுத்து தன் போக்கில் ஆடக் கிளம்பியது. ‘சீக்கிரம் போறேன்க்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அக்கா நிம்மதியாகத் தூங்குவாள். அதைச் சொல்ல அவருக்கு வெகு சுலபமாக வரும். இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நீ அன்னிக்குச் சொன்னது எதுவுமே என் காதுல விழலை.”

அக்கா அவரைப் பார்த்தாள். கை தானாகக் கழுத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு எழுதினாள். ‘என் குரல் அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?’

“ஐயோ, இல்லக்கா! உன் குரல் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கவனிக்கலை. கவனிக்க விடலை… இல்லை, நான்தான். பதிவையும் அழிச்சுட்டாங்க. அந்த இடத்துல ஒருத்தர் விடாம கேட்டுப் பாத்துட்டேன்.” நோட்டைத் தொட்டுக் காட்டினார். “இந்த நோட்டுல இன்னொரு தடவை எழுதிக் காட்டுக்கா. எவ்வளவு நேரமானாலும் நான் இங்கயே இருக்கேன்.”

அக்கா பேனாவை நோட்டின் மேல் வைத்தாள். நர்ஸ் வந்து மருந்துக் குழாயைச் சரிபார்த்துவிட்டு, இரண்டு பேரையும் வாஞ்சையோடு பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் அக்கா பேனாவை எடுத்தாள். ஒரே ஒரு வரி எழுதி, நோட்டை அவர் மடியில் வைத்தாள்.

‘அப்ப எதுக்குடா அழுதே?’

தொகுப்பாளர் அதை இரண்டு தரம் படித்தார். அக்கா பேனாவையும் மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.